பால்வெட்டுக் கோணம்: ராசா ஒட்டுக்கடையில் நிகழ்த்திய ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

காகிதத்தில் வரைந்த கோணத்துக்குப் பாடநூல் உண்டு, கோணமானி உண்டு, மதிப்பெண் உண்டு. மரத்தில் வரைந்த கோணத்துக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இக்குறையைப் போக்க, உலு சிலாங்கூரின் ராசா ஊரில் ஓர் ஒட்டுக்கடையில் அமர்ந்து, நான்கு தே தாரிக் செலவில் இவ்வாய்வு நடத்தப்பட்டது. நிதி நல்க எவரும் முன்வராததால் அச்செலவை ஆய்வாளரே ஏற்றார்.

2. முன்னோர் கருத்து

யூக்லிட் தம் நூலின் முதல் பகுதியிலேயே செங்கோணம், விரிகோணம், குறுங்கோணம் மூன்றையும் வரையறுத்துவிட்டார். ஆனால் பாகைக் கணக்கு அவரிடம் இல்லை. செங்கோணத்தைவிடப் பெரிதா, சிறிதா என்பதோடு நிறுத்திக்கொண்டார். வட்டத்துக்கு 360 என்பது பாபிலோனியர் வழிவந்த கணக்கு.

அடுத்த பேரறிஞர் ரிட்லி. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குத் தலைவராக வந்தவர். ரப்பர் மரம் சாகாமல், பட்டையை மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவர். ரப்பர் நடு, ரப்பர் நடு என்று கண்டவரையெல்லாம் நச்சரித்ததால் 'கிறுக்கு ரிட்லி' என்ற பட்டம் பெற்றார். கோண ஆய்வில் இறங்கும் எவருக்கும் இப்பட்டம் கிடைக்கும் என்பதை இவ்வாய்வாளரின் மனைவி உறுதிப்படுத்தினார்.

3. பெயரிடுதல்

ஒரு கோணத்துக்கு மூன்று எழுத்தால் பெயரிடுவர். முனையில் இருப்பவர் நடு எழுத்தாக வரவேண்டும். தோட்டத்தில் இவ்விதி முன்பே நடப்பில் இருந்தது: துரை, கங்காணி, தொழிலாளி. ஒரு பக்கம் துரையைத் தொட்டுக்கொண்டும் மறுபக்கம் தொழிலாளியைத் தொட்டுக்கொண்டும் நடுவில் நின்றவர் கங்காணியே. அவரை ஓரத்தில் வைத்து எழுதினால் கணக்கும் தப்பு, பேர் போடுவதும் தப்பு.

4. வகைப்பாடு

(அ) குறுங்கோணம். ஒட்டுக்கட்டிய பால்மரத்தில் வெட்டு, இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் இறங்கும். பட்டைக்குள் ஓடும் பால்குழல்கள் நேராக நில்லாமல், மேலே போகப் போகச் சில பாகை வலப்பக்கம் சாய்ந்திருப்பதால், இப்படி வெட்டினால் அதிகக் குழல்கள் அறுபடும். சாய்வு குறைந்தால் பால் கோட்டை விட்டு வழியும். கூடினால் பட்டை வீணாகும். மெலிந்த மரமோ பருத்த மரமோ, கோட்டின் நீளம் மாறலாம், கோணம் மாறாது. கைகளின் நீளம் கோணத்தைக் கூட்டாது என்று வாத்தியார் பலகையில் எழுதியது இதைத்தான்.

(ஆ) நேர்கோணம். அந்த வெட்டு மரத்தைப் பாதிதான் சுற்றும். மேலிருந்து பார்த்தால் 180 பாகை. மறுபாதிப் பட்டைக்கு ஓய்வு. தொழிலாளிக்கு அப்படி மறுபாதி ஏதும் ஒதுக்கப்படவில்லை.

(இ) செங்கோணம். ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் துரை வரும்போது முதுகு தரையோடு அமைக்கும் கோணம். துரை போனபின் இது நிலைப்பதில்லை.

(ஈ) விரிகோணம். இது செம்பனைக்கு உரியது. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். தென்னை பேர் கொண்ட தோட்டத்தில் செம்பனை வளர்ந்தது வேறோர் ஆய்வுக்குரியது. செம்பனையில் ஒரு மட்டைக்கும் அடுத்து முளைக்கும் மட்டைக்கும் இடையே சுமார் 137.5 பாகை. நடும்போதோ சமபக்க முக்கோணம், அதாவது 60 பாகை. 9 மீட்டர் இடைவெளி விட்டால் ஹெக்டருக்கு 143 மரம்.

(உ) பெயரில்லாக் கோணம். புதுமரத்தில் வெட்டு நெஞ்சு உயரத்தில் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கும். அதோடு வெட்டுபவரின் முதுகும் வளையும். மரத்தின் 30 பாகையைச் சரிபார்க்கக் கங்காணி நிரை நிரையாக வந்தார். முதுகின் பாகையை அளக்க ஒருவரும் வரவில்லை.

5. அளத்தல்

ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்த, முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியான பாட்டியிடம் வினவப்பட்டது.

"பாட்டி, வெட்டு எத்தனை பாகைன்னு எப்படித் தெரியும்?"

"பாகையா? அது அல்வாவுக்குத்தான் தம்பி. பால் மங்குல விழுந்தா நேரு, வழிஞ்சா கோணலு. அவ்வளவுதான்."

மேசையில் சிந்திய தேயை விரலால் இழுத்து ஒரு கோடு போட்டார். என் மகளின் பென்சில் டப்பாவிலிருந்து கொண்டுவந்த கோணமானியை வைத்துப் பார்த்ததில், முப்பதுக்கு ஒரு பாகை குறைந்தது. பாட்டியிடம் சொன்னேன். கோணமானியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மேசையைச் சரியாப் போடச் சொல்லு" என்றார். மேசையின் ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது.

6. முடிவு

முப்பது பாகை என்ற சொல் யூக்லிடிடமும் இல்லை, பாட்டியிடமும் இல்லை. கோணம் இருவரிடமும் இருந்தது. ஆகவே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: குறுங்கோணப் பாடம் நடத்தும் நாளில், பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியை வகுப்புக்கு அழையுங்கள். உட்கார நல்ல நாற்காலி போடுங்கள். அவரால் நெடுநேரம் நிற்க முடியாது.