பூப்பாறை ஜீப்பை வாங்கலாமா?

கேள்வி: இடுக்கி பூப்பாறையில் பழைய மகிந்திரா ஜீப் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: பெயின்ட்டில் மயங்காமல், வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிய ஜீப் என்றால், பின்பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் சேஸியைச் சுத்தியலால் தட்டுங்கள். ‘ணங்’கென்றால் இரும்பு; ‘பொத்’தென்றால் அத்தனையும் இடுக்கி மழை! ஃபோர் வீல் கியரைப் போட்டு ஒரு மேடு ஏற்றிப் பார்ப்பதும் அவசியம். இன்ஜின் புகைந்தால்கூடப் பரவாயில்லை, பிரித்து மாட்டிவிடலாம். சேஸி எண்ணும் ஆர்.சி.யும் ஒத்துப்போகாவிட்டால் தொடவே தொடாதீர்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவு புதுப்பித்திருக்க வேண்டும். இவ்வளவும் சரியென்றால் தாராளமாக வாங்குங்கள்; மலைப்பாதைக்கு அதைப்போல் உழைக்கும் வண்டி அபூர்வம். கேரள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று கைக்கு வந்த பிறகே போடிமெட்டு இறங்கட்டும்.