வானத்தைப் பாக்காதை, கிடங்கைப் பார்

மோனை, லண்டனில இருந்து நீ அனுப்பின படத்தைக் கண்ணாடி போட்டும் பாத்தன், கழட்டிப்போட்டும் பாத்தன். வெறும் காணி. அதுக்கு மேல சிவப்புக் கோட்டில ஒரு பாம்பு கீறியிருக்கிறாய். பெட்போர்ட்டில யூனிவர்சல்காரன் கட்டப்போற ரோலர் கோஸ்டர் உதுதானாம். இதில ஏறுமாம், இதில தலைகீழாகுமாம், இதில நிலத்துக்குக் கீழால போகுமாம். கட்டுறவன் இன்னும் வாயைத் திறக்கேல்லை, உனக்கு வளைவின்ர கணக்குக் கூடத் தெரிஞ்சிட்டுது. கெட்டிக்காரன். கொப்பருக்கு இந்த வயசில வீட்டு வாடகைக் கணக்கே தெரியாது.

வவுனியாவில குந்தியிருக்கிற கிழவனுக்கு உது என்ன விளங்கும் எண்டு நினைப்பாய். ஓம், ஒண்டும் விளங்காதுதான். ஆனா இது மேசன் வேலையில தேஞ்ச கை. எங்கையாவது அத்திவாரம் வெட்டினால் எனக்கு மூக்கில வேர்க்கும்.

அது என்ன காணி எண்டு முதல் விசாரிச்சியே? கெம்ப்ஸ்டன் ஹார்ட்விக் எண்ட இடத்தில பழைய செங்கல் சூளைக் காணி. 476 ஏக்கர். அந்தப் பக்கத்துக் களிமண்ணுக்குள்ள எரியிற சத்து இருக்கு. அதால கல்லுச் சுட எரிபொருள் குறைவாய்த்தான் போகும். சூளைக்காரர் அங்க போய் விழுந்ததும் அதாலதான். நீ வாடகை குடுத்து இருக்கிற வீட்டுக் கல்லும் அங்க சுட்டதாய் இருக்கலாம், ஆர் கண்டது? பக்கத்து ஸ்டுவர்ட்பியில கடைசியாய் நிண்ட நாலு புகைபோக்கியையும் 2021இல விழுத்திப் போட்டாங்கள். இப்ப அந்த அயலில இரும்பு எழும்பப் போகுது.

களிமண் எண்டது மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அதில மதில் கட்டினவனைக் கேள், அழுவான். யூனிவர்சல்காரன் 115 மீற்றர் உயரம் மட்டும் கட்ட அனுமதி எடுத்து வைச்சிருக்கிறான். அனுமதி எடுத்தவன் எல்லாம் அவ்வளவுக்கும் கட்டுவான் எண்டில்லை. நானும் மேல்மாடிக்குப் பிளான் பாஸ் பண்ணினனான். கொம்மாச்சியைக் கேள், மாடி எங்கை எண்டு.

அதால நீ ஆகாயத்தில கோடு கீறுறதை விட்டிட்டு, கிடங்கு வெட்டேக்க பார். எந்த இடத்தில ஆழமாய்த் துளைச்சுக் கொங்கிறீட் இறக்கிறான்? எந்த இடத்தில அத்திவாரம் நெருக்கமாய் வருது? கொங்கிறீட்டுக்கு மேல நீட்டிக்கொண்டு நிக்கிற போல்ட்டைப் பார். மெல்லிய நாலு போல்ட்டு எண்டால் மேல தாழ்வான வளைவுதான். மொத்தப் போல்ட்டு நெருக்கமாய் நிண்டு, கொங்கிறீட்டும் அகலம் எண்டால் மேல பாரம் வரப்போகுது. கொங்கிறீட்டின்ர முகம் ஒரு பக்கம் சரிஞ்சிருந்தால் தூண் சாய்வாய் நிக்கும், அந்தப் பக்கம் வண்டி தள்ளும். இவ்வளவும் மண்ணிலேயே எழுதிக் கிடக்கு. படிக்கத்தான் ஆளில்லை, எல்லாருக்கும் ட்ரோன் வேணும்.

இரும்பு வந்து இறங்கினால் இன்னும் வடிவாய்ப் பிடிபடும். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவில பெட்டி மாதிரிச் சதுர முதுகெலும்பு இருந்தால் சுவிற்சர்லாந்தின்ர பொலிகர் மாபிலார்ட் எண்டு முதல் ஊகம் போடலாம். அந்தப் பெட்டிக்குள்ள மண் நிரப்பி இரைச்சலை அடக்கிற வழக்கமும் இருக்கு. அயலட்டை பெட்டிசம் எழுதும் எண்ட பயம் உங்கை வெள்ளைக்காரனுக்கும் இருக்கு, பாத்தியே.

ஒரு விசயம் பிழைக்காது. சங்கிலி போட்டு இழுத்து ஏத்திற வகை எண்டால், முதல் ஏத்தத்தைவிட உயர்ந்த ஏத்தம் பிறகு வராது. முதல் ஏத்தத்தில எடுத்த கடனைத்தான் மிச்ச வழி முழுக்க வைச்சுத் தின்னுறது. உன்ர படத்தில மூண்டாவது ஏத்தம் முதலாவதைவிட உயரமாய்க் கிடக்கு. நடுவில மோட்டர் வைச்சுத் தள்ளுறான் எண்டால் சரி. இல்லாட்டி, மோனை, உன்ர கோஸ்டர் பாதியில நிண்டு திரும்பி வரும். தலைகீழ் வளையத்தையும் காசு வைச்சுக் கீறினமாதிரி வட்டமாய்க் கீறியிருக்கிறாய். முந்தி அப்பிடி வட்டமாய்க் கட்டித்தான் சனத்தின்ர கழுத்தை முறிக்கப் பாத்தவங்கள். 1976இல கலிபோர்னியாவில ஜேர்மன்காரர் கட்டின ‘ரெவலூஷன்’ வந்தாப்பிறகுதான், மேல ஒடுங்கி, கீழ அகண்ட வளையம் நிலைச்சது. அதை அழிச்சுத் திருப்பிக் கீறு.

எனக்கு உது ஒண்டும் விளங்காது எண்டனான் எல்லே.

உயரத்தில உனக்கு இருக்கிற பக்தியைக் குறை. அமெரிக்காவில நியூ ஜேர்சியில ‘கிங்டா கா’ எண்டு ஒண்டு, 139 மீற்றர். 2005இல உலகத்திலேயே உயரம் எண்டு திறந்தாங்கள். 2025 மாசியில வெடி வைச்சு விழுத்தினாங்கள். இருவது வருசம். எங்கட வீட்டு முத்தத்துத் தென்னைக்கு அதைவிட ஆயுசு கூட. இப்ப சவூதியில ‘பல்கன்ஸ் பிளைற்’ எண்டு 195 மீற்றரில ஒண்டு நிக்குது, மணிக்கு 250 கிலோமீற்றர் வேகமாம். அந்த உயரம் உனக்கு விளங்க வேணுமெண்டால், அடுத்தமுறை வரேக்க ஏ9 ரோட்டில கொக்காவில் கோபுரத்தை அண்ணாந்து பார். அது 170 மீற்றர் சொச்சம். அதுக்கும் மேல போய் விழுகிறதுக்குச் சனம் காசு குடுக்குது. நாங்கள் இவ்வளவு காலமும் சும்மா விழுந்து எழும்பினனாங்கள்.

இனி, பெட்போர்ட்டின்ர திகதிக் கதைக்கு வா. 2025 சித்திரையில பிரதமர் ஸ்டார்மரின்ர வாயால அறிவிப்பு. மார்கழியில அனுமதி. 2031இல திறப்பு, முதல் வருசமே 85 இலட்சம் சனம் வருமாம். வரட்டும். ஆனா 2031 எண்டு சொன்னதை நீ இப்பவே கலண்டரில வட்டம் போடாதை. சென்னைக்குப் பக்கத்தில, திருப்போரூர்ப் பக்கம் இள்ளலூரில வொண்டர்லா எண்டு ஒரு கேளிக்கைப் பூங்கா. காணி வாங்கினாப்பிறகு கேளிக்கை வரியை விடுவியளோ மாட்டியளோ எண்டு அரசாங்கத்தோட பேச்சிலேயே வருசக்கணக்கு ஓடினது. 611 கோடி இந்தியக் காசு போட்டு, 2025 மார்கழியிலதான் கதவு திறந்தது. நான் சொன்ன அந்தச் சுவிஸ்காரன்ர ‘தஞ்சோரா’ அங்கதான் ஓடுது. தண்டவாளம் தலைக்கு மேல, கால் ரெண்டும் அந்தரத்தில தூங்கும். செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறு.

அவ்வளவு தூரம் ஏன் போவான்? இஞ்ச வவுனியாவில பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலயோ தாண்டிக்குளத்திலயோ எண்டு 2016இல ஊரே ஊகம் பேசிச் சண்டை பிடிச்சது. கடைசியில ரெண்டிலயும் இல்லை, மதவுவைத்தகுளத்தில கட்டினாங்கள். கட்டினாப்பிறகு கன வருசம் அது பூட்டிக் கிடந்தது. எந்த இடம் எண்டு ஊகிச்சவை ஆயிரம் பேர். எப்ப திறக்கும் எண்டு ஊகிக்க ஒருத்தருக்கும் துணிவு வரேல்லை. அதால ஊகத்தில கெட்டிக்காரன் ஆர் தெரியுமே? உயரத்தைச் சொல்லுறவன் இல்லை, வளைவைச் சொல்லுறவனும் இல்லை. எந்தக் கடுதாசி எந்த மேசையில நித்திரை கொள்ளுது எண்டு சொல்லுறவன்.

இதையெல்லாம் கேட்டு நீ ஊகிக்கிறதை விட்டிடாதை. ஓடுறது ரெண்டோ மூண்டோ நிமிசம், நீ கீறிக் கீறி அழிக்கப்போறது அஞ்சாறு வருசம். குடுத்த காசுக்கு ஆர் கூட அனுபவிக்கிறது? நீதான், அதுவும் ரிக்கற் எடுக்க முன்னம். ஒண்டு மட்டும் செய். உன்ர ஊகத்தைக் கடுதாசியில எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைச்சு, கவரில ஒட்டிக் கொம்மாட்டைக் குடு. திறந்தாப்பிறகு, கடுதாசியில இல்லாததுக்கு “நான் அப்பவே சொன்னனான்” எண்டு சொல்ல விடமாட்டன்.

திறக்கேக்க எனக்கும் ஒரு ரிக்கற் எடு. ஏறுறதுக்கில்லை. பை, போன், கண்ணாடி ஒண்டும் கொண்டு ஏற விடாங்கள் எல்லே? கீழ நிண்டு அதெல்லாத்தையும் பாக்க நம்பிக்கையான கிழவன் ஒருத்தன் வேணும். கூலி பிறகு பேசுவம்.