படகு கால் பணம், வண்டி முக்கால் பணம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் 11,842 இருப்பதாக அம்மாநில அரசின் கணக்கு கூறுகிறது. அவ்வேரிகளைச் சுற்றியுள்ள ஊர்களில், வீட்டுக் கொல்லைகளில் தார்ப்பாய்க்கு அடியிலோ தார்ப்பாயும் இன்றியோ கிடக்கும் பழைய அலுமினிய மீன்பிடி படகுகளை எண்ணும் துணிவு மட்டும் எந்த அரசுக்கும் வந்ததில்லை. பதினான்கு அல்லது பதினாறு அடி நீளம், குறுக்கே இரண்டு மூன்று இருக்கைகள், பின்புறத்தில் எஞ்சினை மாட்டுவதற்கு ஒரு தடித்த பலகை, அடியில் இருசக்கர டிரெய்லர் ஒன்று என்பதே இவ்வகைப் படகின் இலக்கணம். இதை மிகக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ பெற்று, பழுது நீக்கி, அடுத்த கோடைக்குள் நீரில் இறக்கிவிடுவதாக வீட்டாரிடம் அறிவிப்பவரை வசதி கருதி இங்கே மீட்பர் என்று குறிப்பிடலாம். எந்தக் கோடை என்பதை மீட்பர் கூறுவதில்லை. வீட்டாரும் முதல் முறைக்குப் பிறகு கேட்பதில்லை.

இத்தனை படகுகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இரண்டாம் உலகப் போரின் வரலாற்றில் விடை உண்டு. அமெரிக்கக் கடற்படைக்குப் போர் விமானங்கள் கட்டிய கிரம்மன் நிறுவனத்தின் துணைத் தலைவர் வில்லியம் ஹாஃப்மன், 1944இல் அடிரோன்டாக் மலைப் பகுதியில் ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குக் கித்தான் போர்த்திய கனத்த தோணியைச் சுமந்து சென்று சலித்துப்போனவர், விமானத்துக்குரிய அலுமினியத் தகட்டிலேயே தோணி செய்தால் என்ன என்று எண்ணினார். போர் முடிந்து விமானங்களின் தேவை சரிந்ததும் அவ்வெண்ணம் தொழிலாயிற்று. மினசோட்டாவிலேயே அலுமாகிராஃப்ட் 1946இலும், நியூயார்க் மில்ஸ் என்னும் சிற்றூரில் ஹோவர்ட் லண்ட் தொடங்கிய லண்ட் நிறுவனம் 1948இலும் இத்துறைக்கு வந்தன. இரும்பு துருப்பிடித்து உதிர்ந்து, தன் முடிவைத் தானே அறிவித்துவிடும். அலுமினியமோ காற்றுப் பட்டவுடன் மெல்லிய ஆக்சைடு படலத்தால் தன்னைப் போர்த்திக்கொண்டு அரை நூற்றாண்டு கழிந்தும் அப்படியே இருப்பதால், அதைத் தூக்கியெறிய எவருக்கும் மனம் வருவதில்லை. மீட்பர் குலம் பெருகியதற்கு இக்கட்டுரையாளர் கருதும் காரணம், உலோகத்தின் இந்தப் பிடிவாதமே.

கெடுபவை உலோகத்தோடு மனிதன் சேர்த்த பொருள்கள் மட்டுமே. அவற்றுள் முதன்மையானது எஞ்சின் மாட்டும் பின்பலகை. ஏறக்குறைய ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள பிளைவுட் ஆகிய இது வெளியே தகடு மூடியிருப்பதால் பார்வைக்குத் திடமாகவே தோன்றும், திருப்புளியின் நுனியை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரை இறங்கும். அதை மாற்றப் புகும் மீட்பர், இனி ஒருபோதும் மக்கக் கூடாது என்னும் வைராக்கியத்தோடு, மருந்தேற்றிய மரத்தை வாங்கி வருவது வழக்கம். அமெரிக்காவில் ஆர்செனிக் கலந்த பழைய மருந்து வீட்டு உபயோகத்துக்கான மரங்களிலிருந்து 2003ஆம் ஆண்டு இறுதியோடு விலக்கப்பட்ட பின்னர், அந்த இடத்தைப் பிடித்தவை பெரும்பாலும் செம்பு மிகுந்த மருந்துகள். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் அரிக்கப்பட்டுக் குழிவிழும். மரத்தைக் காக்கச் செய்த ஏற்பாட்டில் மரம் பிழைத்துப் படகு போய்விடும். ஆகவே சாதாரண பிளைவுட்டை எல்லாப் பக்கமும், துளைகளின் உட்புறம் உட்பட, எபாக்சி பூசி அடைத்துப் பொருத்துவதே முறை.

அடுத்து வருவது ரிவெட். தகடுகளைத் துளையிட்டு, தலையுள்ள சிறு உலோகக் கம்பியைச் செருகி, மறுமுனையை நசுக்கி இறுக்கும் இந்த முறையில்தான் பழைய படகுகள் பெரும்பாலும் கட்டப்பட்டன. அலையில் மோதி மோதிச் சில ரிவெட்டுகள் தளர, அவற்றின் வழியே நீர் கசியும். கசிவைக் கண்டறிய மீட்பர் கையாளும் சோதனை தருக்க நூலார் கவனிக்கத்தக்கது: நீர் உள்ளே வராதிருக்கச் செய்யப்பட்ட பாத்திரத்தில் தோட்டத்துக் குழாயால் நீரை நிரப்பி, அது வெளியே போகிறதா என்று பார்க்கிறார். டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து, சொட்டும் ஒவ்வோர் இடத்தையும் மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டு வரும்போது, ஓரிடத்தில் கசிந்த நீர் அடிவிளிம்பு வழியே ஓடி வேறிடத்தில் சொட்டும் என்பதால், குற்றமற்ற ரிவெட்டுகளும் வட்டத்துக்குள் அகப்படும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ என்பதை மறந்து விளிம்பு வரை நிரப்புவோருக்கு, கசிவைக் காட்டிலும் முன்னதாக டிரெய்லரின் வில்பட்டை தன் கருத்தைத் தெரிவித்துவிடும்.

புதிய ரிவெட்டை அடிக்க இருவர் வேண்டும். கவிழ்த்து உயர்த்திய படகின் வெளியே ஒருவர் காற்றழுத்தச் சுத்தியலை ரிவெட்டின் தலையில் வைத்து நிற்க, உள்ளே குனிந்திருக்கும் மற்றவர், கனத்த எஃகுக் கட்டி ஒன்றை அதன் மறுமுனையில் அழுத்திப் பிடிக்க வேண்டும்; சுத்தியல் அதிர, கம்பி முனை கட்டியில் மோதிக் காளானாக விரியும். வெளியே நிற்பவர் கணவர் என்பதும் உள்ளே இருப்பவர் மனைவி என்பதும் ஏறத்தாழ மாறா விதி. அலுமினியக் கூட்டுக்குள்ளிருந்து எழும் "சரி" என்னும் குரலும் "பொறு" என்னும் குரலும் வெளியே ஒரே முழக்கமாகவே கேட்கும் என்பதும், கட்டி வைக்கப்படாத இடத்தில் விழும் ஓர் அடி தகட்டை நிரந்தரமாகப் பள்ளமாக்கும் என்பதும் இப்பணியைப் பிற இல்லறப் பணிகளிலிருந்து வேறுபடுத்துகின்றன. தனியொருவரே வெளியிலிருந்து இழுத்துப் பொருத்தும் வகை ரிவெட்டும் உண்டு. ஆனால் அதன் நடுவே துளை இருப்பதால், முனை மூடிய வகையைத் தேடி வாங்காவிட்டால் கசிவை அடைக்க வைத்ததே கசியும்.

மிதவைக்காக இருக்கைகளின் அடியில் அடைத்திருக்கும் நுரைப்பஞ்சு பல ஆண்டுகளில் நீரை உறிஞ்சிக் கனத்துப்போவதையும், வெறும் இருக்கைகள் போதாவென்று மேல்தளம், கம்பளம், சுழல் நாற்காலிகள், மீன்தொட்டி என்று மீட்பர் ஏற்றிக்கொண்டே போவதால், மூவருக்கென்று தகுதித் தகடு பொறித்த படகு இறுதியில் ஒருவரையும் அவருடைய தூண்டில்களையும் மட்டுமே தாங்கும் நிலைக்கு வருவதையும் இங்கே விரிக்கத் தேவையில்லை.

விரிக்க வேண்டியது டிரெய்லரை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழி இப்படகுகளைக் கண்டே பிறந்ததோ என்று ஐயுறும் அளவுக்கு, படகு கேளாத செலவையெல்லாம் அதைச் சுமக்கும் வண்டி கேட்கும். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய சக்கரக் குடத்தை ஏரிச் சரிவில் குளிர்ந்த நீருக்குள் இறக்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அடைப்பு வளையத்தின் இடுக்கு வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும், கிரீஸ் வெண்குழம்பாகும், பேரிங் துருப்பிடித்து, வீடு திரும்பும் வழியில், பழுதுபார்க்கும் கடை எதுவும் இல்லாத இடம் பார்த்து உடையும். இதைத் தடுக்க, சுருள்வில்லின் விசையால் கிரீஸை எப்போதும் சற்று அழுத்திக்கொண்டிருக்கும் மூடிகள் கிடைக்கின்றன. வண்டியைக் காரோடு பிணைக்கும் குண்டிலும் ஒரு நுட்பம் உண்டு: இரண்டு அங்குலக் கிண்ணத்தில் ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலக் குண்டு தாராளமாகப் பொருந்தும், முதல் பெரிய பள்ளம் வரை. விளக்குகளின் மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதை பெரும்பாலும் துருவேறிய சட்டமே ஆதலால், பிரேக்கை மிதித்தால் இடப்பக்கத் திசைவிளக்கு எரிவதும், இடப்பக்கம் திரும்பினால் ஒன்றுமே எரியாததும் இயல்பு. அப்பாதையைச் சட்டத்தோடு இணைக்கும் வெண்கம்பியைச் சுரண்டிப் பளபளப்பாக்கிச் சட்டத்தில் இறுக்கிவிட்டால் இவற்றில் பாதி தீரும் என்பதை, எல்லா விளக்குகளையும் மாற்றி முடித்த பின்னரே மீட்பர் முயன்று பார்க்கிறார்.

காலமும் மீட்பருக்குத் துணை நிற்பதில்லை. 1965 முதல் மினசோட்டாவின் மாநில மீனாக விளங்கும் வால்ஐ மீனுக்குரிய பருவம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை திறக்கிறது. ஏரி உறைந்திருக்கும் குளிர்காலத்தில் மீட்பருக்கு நேரம் உண்டு, ஆனால் எபாக்சியும் வண்ணமும் அக்குளிரில் இறுகுவதில்லை. அவை இறுகும் வெயில் வரும்போது பருவம் திறந்துவிட, அவர் நண்பரின் படகில் மீன்பிடிக்கப் போய்விடுகிறார்.

இவ்வகைப் படகு வாங்க எண்ணுவோர் ஒரு திருப்புளியும் ஒரு ஜாக்கியும் கொண்டு செல்வது நலம். பின்பலகையைக் குத்திப் பார்க்க வேண்டும். டிரெய்லரின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் சுழற்றிக் காது கொடுக்க வேண்டும். படகுக்கும் வண்டிக்கும் தனித்தனி ஆவணங்கள் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. விற்பவரும் அதை அடுத்த கோடைக்குள் சரிசெய்துவிடலாம் என்று எண்ணி வாங்கியவர்தான்.