ஒரே சந்தை, 27 வரி

கேள்வி: ஐரோப்பா முழுக்க கம்பெனி வரியை ஒரே மாதிரி ஆக்கினால் சின்ன நாடுகளுக்கு அடிதானே?

பதில்: அப்படிப் பயந்துதான் முட்டுக்கட்டை போட்டார்கள். உள்நாட்டுச் சந்தை சிறியதான அயர்லாந்துக்கு 12.5 சதவீத வரியும், ஹங்கேரிக்கு 9 சதவீத வரியும்தான் துருப்புச்சீட்டு. வரி விஷயத்தில் ஒரு நாடு தலையாட்ட மறுத்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் நிறைவேறாது. லாபத்தைக் கணக்கிடும் முறையைப் பொதுவாக்கும் 2011-ஆம் ஆண்டுத் திட்டம் அதனால்தான் கரை சேரவில்லை.

2022 டிசம்பரில் ஒரு வழி பிறந்தது. 75 கோடி யூரோவும் அதற்கு மேலும் வருவாய் உள்ள குழுமங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி. அயர்லாந்து 2024 முதல் அமல்படுத்தியது. கம்பெனிகள் மூட்டை கட்டவில்லை, கஜானாவும் வற்றவில்லை.

விகிதம் அவரவர் விருப்பமாக இருக்கட்டும். கணக்கு முறை பொதுவாகட்டும். மாதச் சம்பளக்காரர் தப்பிக்க முடியாத வரியிலிருந்து பன்னாட்டுக் கம்பெனி மட்டும் எல்லை தாண்டித் தப்பிப்பது அநியாயம்!