1895இன் 14ஆம் இலக்கப் பெரியவருக்கு

பெறுநர்: சான்றுக் கட்டளைச் சட்டம், இலங்கை
அனுப்புநர்: ஒரு சம்மாட்டி, திருகோணமலைத் துறைமுகப் பக்கம்

ஐயா,

கடதாசியில் எழுதுவது தங்கள் வயதுக்கு மரியாதை. வட்ஸ்அப்பில் போட்டால் அதற்கும் 45 நாள் முன்னறிவித்தல் கேட்பார்கள்.

விசயம் அறக்குளா. கொழும்பு முதலாளி ஒருவர் விலை பேசியது, ஐஸ் அடித்து லொறியில் ஏற்றச் சொன்னது, "வெள்ளிக்கிழமை காசு போடுறன் அண்ணை" என்றது, எல்லாமே வட்ஸ்அப்பில்தான். மீன் போய்ச் சேர்ந்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் இன்னும் வரவில்லை. வழக்கு வைத்ததும் அவருடைய போன் தண்ணிக்குள் விழுந்து செத்துப்போனதாம். கொழும்பில், மூன்றாம் மாடியில்! வள்ளத்தில் கிடந்து உப்புத்தண்ணி குடித்த என் போன் உயிரோடு இருக்கிறது. ஆகவே அகப்பட்டதும் அதுதான்.

எழுபதுகளின் கடைசியில் பென்வெல் வழக்கில், கணினிச் சான்று முதற்சான்றுமில்லை, வழிச்சான்றுமில்லை, அது தனி வகை என்று சொல்லி, தங்கள் வீட்டில் அதற்கு இடமில்லாமல் போனது. 1995இல், தங்களுக்கு நூறு வயதானபோது, அதே 14ஆம் இலக்கத்தோடு ஒரு பேரன் பிறந்தான்: சான்று (சிறப்பேற்பாடுகள்) சட்டம். 45 நாளுக்கு முன் பட்டியல் கொடு, மறுத்தரப்பு 15 நாளுக்குள் கேட்டால் கருவியையே பார்க்கவிடு என்றான். 2006இல் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வந்து, மின்செய்தியில் உள்ளதைப் பொய்யென்று காட்டும்வரை மெய்யாகக் கொள், பேரன் இதில் தலையிடக் கூடாது என்றது. என் சட்டத்தரணி அனுபவசாலி. "எதுக்கும் ரெண்டு மாதிரியும் குடுத்துவைப்பம்" என்றார். மறுத்தரப்பு வந்து என் போனை நோண்டியது: மனைவியின் மரக்கறிப் பட்டியல், கோணேசர் கோயில் திருவிழாப் படம், மச்சானோடு போட்ட சண்டை.

செத்த போனை யார் நோண்டுவது?

தங்களிடம் வழியில்லாமலில்லை. காட்டக்கூடிய சான்றை ஒருவன் காட்டாவிட்டால் அது அவனுக்கே பாதகமானதென்று ஊகிக்கலாம் என்று 114ஆம் பிரிவில் தாங்களே எழுதிவைத்திருக்கிறீர்கள். தங்களுக்கும் மூத்த, 1889இன் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, ஆவணத்தைக் காட்டு என்ற கட்டளையை மீறும் எதிராளியின் எதிர்வாதத்தையே வெட்டலாம் என்கிறது. 2005இல் நியூயோர்க்கில், யூபிஎஸ் வங்கியில் மின்னஞ்சல்கள் அழிக்கப்பட்டதற்காக, தங்கள் 114 சொல்வதைத்தான் ஜூரிமாருக்குச் சொன்னார்கள். வழக்குப் போட்ட சுபுலேக் என்ற பெண்ணுக்கு 2 கோடி 90 லட்சம் டொலர் தீர்ப்பாயிற்று. எங்கள் எதிராளி "போன் பழுது" என்று சத்தியக் கடதாசி கொடுத்தார். தவணை போட்டாயிற்று.

அடுத்த தவணைக்குத் தாங்கள் 114ஐயும் கையோடு கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

இங்ஙனம்,
சம்மாட்டி

இணைப்பு: போன் 1. பார்த்து முடிந்ததும் உடனே திருப்பித் தரவும். விடிய ஐஸ் கொம்பனிக்கு எடுக்கவேண்டும்.