அனுமதி வாங்கித் தரும் அண்ணன்

பத்துக் கணினி உள்ள எந்த அலுவலகத்திலும் ஒரு வீபிஎன் அண்ணன் இருப்பார். சம்பளப் பட்டியலில் அவர் கணக்கு எழுதுபவராகவோ ஸ்டோர்ஸ் பார்ப்பவராகவோ இருக்கலாம். ஆனால் வெளியூரிலிருந்து வீபிஎன் வழியே அலுவலகத்து டேலி கணக்கைத் திறக்க வேண்டும் என்றால், மேலாளர் முதல் நேற்றுச் சேர்ந்த பையன் வரை லேப்டாப்பை ஏந்திக்கொண்டு அவர் மேசைக்குத்தான் வருவார்கள். "அண்ணே, ஒரு ரெண்டு நிமிஷம்." அவர் உடனே நிமிர மாட்டார்; நிமிர்ந்தால் மதிப்புப் போய்விடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கிளம்பியபோது இவருக்கு அடித்தது சுக்கிர திசை.

இவருக்கு வீபிஎன் தெரியும் என்று அலுவலகம் நம்புகிறது. எனக்குச் சந்தேகம். அவருக்குத் தெரிந்தது அனுமதி வாங்குவது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதில் போட்டாலும் வீபிஎன் மென்பொருள் செய்யும் காரியம் ஒன்றுதான்: இல்லாத ஒரு நெட்வொர்க் அட்டையை இருப்பதுபோல் உண்டாக்கி, வெளியே போகும் தரவை அதன் வழியே திருப்பிவிடுகிறது. கண்டவரும் இதைச் செய்துவிடக் கூடாதென்று மூன்றுமே அனுமதி கேட்கின்றன. கேட்கிற தோரணைதான் வேறு. விண்டோஸ், விஸ்டா காலத்திலிருந்தே, திரையை இருட்டாக்கிவிட்டு 'சம்மதமா?' என்கிறது. மேக் 'தடுத்துவிட்டேன்' என்று பெருமையாக அறிவித்துவிட்டு, அனுமதிக்கும் பொத்தானை செட்டிங்ஸுக்குள் கொண்டுபோய் ஒளித்துவைக்கிறது. 2017-இல் வந்த ஹை சியராவில் அந்தப் பொத்தானுக்கு ஆயுள் 30 நிமிடம். டீக்கடைக்குப் போய்ச் சாவகாசமாக வந்தால் காணாமல் போயிருக்கும். லினக்ஸ் டெர்மினலோ பாஸ்வேர்டைக் கேட்கும், அடித்தால் பெரும்பாலும் ஒரு புள்ளிகூடக் காட்டாது. கீபோர்டு போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கக் கிளம்பியவர்களை அண்ணன்தான் வாசலில் மறித்திருக்கிறார். சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தருக்கு உங்கள் நிலத்தின் மண்வாகு தெரியாது. எந்தப் பக்கத்தில் எங்கே கையெழுத்து என்பது தெரியும். அண்ணனும் அந்த ஜாதி.

நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்த யாருக்குத்தான் தெரியாது என்று கேட்கலாம். தெரியும்தான். ஆனால் நாம் படித்துவிடுகிறோம். 'இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்யும்' என்பதைப் படித்த மனிதனின் விரல் பின்வாங்கும். அண்ணன் படிப்பதில்லை. பாஸ்வேர்டு அடிக்கும் கட்டத்தில் மட்டும் முகத்தைத் திருப்பி மின்விசிறியைப் பார்ப்பார். உலகத்திலேயே நம்பகமான மனிதர் தாம்தான் என்பது அந்தப் பார்வையில் இருக்கும். அந்த பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியவரும் அவரேதான்.

அப்படியானால் வெறும் துணிச்சல்தானா என்றால், அதுவும் நியாயமில்லை. இணைப்பு வரவில்லை என்றதும் அவர் கண் முதலில் போவது திரையின் மூலையிலுள்ள கடிகாரத்துக்கு. மதர்போர்டு பேட்டரி செத்த பழைய கணினி பல வருடம் பின்னால் போய் நிற்கும். அதன் கணக்கில் சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, ஆகவே கதவைச் சாத்திவிடும். அடுத்து கான்ஃபிக் ஃபைலின் பெயரைப் பார்ப்பார். விண்டோஸ் ஃபைல்பெயரின் வாலை மறைத்துவைக்கும் பழக்கத்தால், டாட் ஓவீபிஎன் என்று முடிய வேண்டியது நோட்பேடு புண்ணியத்தில் டாட் டிஎக்ஸ்டி என்று முடிந்திருக்கும். இதையெல்லாம் எந்தக் கையேடும் முதல் பக்கத்தில் சொல்வதில்லை.

படிக்காமல் அழுத்துவது ஆபத்தில்லையா என்ற கேள்விக்கு மட்டும் அண்ணன் சார்பில் வாதாட என்னால் முடியாது. வீபிஎன் போட்டால் உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் இன்னொருவர் வாசல் வழியே போகலாம். அலுவலகத்து வாசல் என்றால் சரி. பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாட்டு கிரிக்கெட் பார்க்க இலவச வீபிஎன் கேட்டாலும் அண்ணன் அதே தாராளத்தோடு போட்டுக்கொடுக்கிறார். அது யார் வாசல் என்று இருவரும் விசாரிப்பதில்லை. 2022-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வீபிஎன் சேவை நடத்துவோர் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. சில வெளிநாட்டு நிறுவனங்கள் சர்வர்களையே இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போயின. அண்ணனிடம் சொன்னால், "அதெல்லாம் பெரிய ஆளுங்களுக்குங்க" என்பார்.

பெரிய நிறுவனங்களில் மென்பொருள் தலைமையகத்திலிருந்து தானே வந்து இறங்குகிறது, இவர் இனி எதற்கு என்பார்கள். அங்கே தேவையில்லைதான். லினக்ஸில்கூட 2020-இல் வயர்கார்டு என்ற வீபிஎன் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டதால் பாதி வேலை மிச்சம். ஆனால் தணிக்கைக் கெடு நெருங்கும் செப்டம்பர் கடைசியில் ஆடிட்டர் அலுவலகங்களைப் போய்ப் பாருங்கள், அண்ணனின் மவுசு தெரியும். தவிர, அவர் போடுவாரே ஒழிய எடுப்பதில்லை. அவர் கைபட்ட லேப்டாப்பில் பழைய வீபிஎன் மென்பொருள் குறைந்தது மூன்று கிடக்கும். அவற்றில் இரண்டு ஒரே வழிக்கு அடித்துக்கொண்டு நெட்டை அறுக்க, லேப்டாப் மறுபடி அவர் மேசைக்கே வந்து சேரும்.