ஒட்டுத்துண்டு நிறவியல்: சாய்மனைக் கதிரையின் கையை முன்வைத்து

மேற்கோள்: பழைய மரத்தில் ஒட்டிய புதுத்துண்டு நிறம் சேராது. ஏது: புதிது ஆகையால். எடுத்துக்காட்டு: திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரை. மெய்கண்டார் கடவுளை நிறுவ வைத்த படிகளைக் கதிரைக்கு வைப்பது அதிகப்பிரசங்கம் என்பார் இருக்கலாம். கதிரைக்கு வார்னிஷ் வாங்கிப் பார்த்தவர் அப்படிச் சொல்லார்.

ஆய்வுப்பொருள், கதிரைக் கையின் நுனியில் உடைந்து ஓடாவியார் ஒட்டிக்கொடுத்த இரண்டு அங்குலத் துண்டு. மரம் சவண்டலை. பீப்பாவுக்கும் படகுக்கும் பேர்போன இந்தச் செம்பழுப்பு மரத்தை வெள்ளைக்கார வியாபாரிகள் ‘திருகோணமலை மரம்’ என்றே விற்றார்கள். இதற்கு மாறாக, ‘எச்.எம்.எஸ். திருகோணமலை’ என்ற கப்பலை 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டினார்கள். அது இன்று இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் நிற்கிறது. பெயரை நம்பி மரத்தைத் தீர்மானிக்கக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று, எடையளவிலும், கிடைக்காது.

இனிப் பரபக்கம். வன்பொருள் கடைக்காரர் நிற அட்டையை நீட்டி ‘டார்க் வோல்நட்’ என்பார். வோல்நட் மரத்தை டொக்யார்ட் வீதியில் கண்டவர் யார்? அட்டையில் உள்ளது வெளிறிய பலகையில் பூசிய நிறம். சிவந்த மரத்தில் அதே டின் வேறு கதை சொல்லும். வீட்டுப் பெரியவர் மதம் வேறு: “தேயிலைச் சாயத்தைப் பூசிவிடுங்கோ.” சிரிக்கவேண்டாம். தேயிலையின் தனினோடு வினாகிரியில் ஊறிய இரும்பு சேர்ந்தால் மரம் கறுக்கும். எவ்வளவு கறுக்கும் என்பதை மரம்தான் முடிவுசெய்யும்.

சுபக்கம் ஓடாவியாருடையது. கதிரையின் அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் நனைத்த துணியை அழுத்திப் பார்ப்பார். பிசுபிசுத்தால் பழைய பூச்சு அரக்குப் பொலிஷ். தின்னருக்கு மட்டும் இளகினால் லக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பொலியுரித்தேன் என்று கொள்ளலாம். அடுத்தது, அதே மரத்தின் வெட்டுத்துண்டு ஒன்றில் ஒத்திகை. சாண்ட்பேப்பரும் அதே நம்பராக இருக்கவேண்டும். மரத்தை மழமழவென்று தேய்க்கத் தேய்க்கச் சாயம் குறைவாகவே பிடிக்கும். வெட்டுமுகமோ சாயத்தை உறிஞ்சிக் கறுத்துப்போகும். மென்சாயத்தில் தொடங்கவேண்டும், கூட்டலாம், கழிக்க முடியாது. மேல்பூச்சு ஏறாமல் தீர்ப்புச் சொல்லவும் கூடாது.

“தம்பி, வெயிலில ஒருக்கா, லைற்றில ஒருக்கா பாருங்கோ” என்பது அவருடைய மகாவாக்கியம். வெவ்வேறு கலவையில் பிறந்த இரண்டு நிறங்கள் பகலில் ஒன்றாகி, எல்.ஈ.டி. வெளிச்சத்தில் பிரிந்துவிடும். முழுப் பௌதிகத்தையும் அவர் பீடியைப் பற்றவைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறார்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மிச்சம் நிற்கும். அந்தக் கதிரைக் கையில் இருப்பது சாயம் மட்டுமா? தலையில் தேய்த்த நல்லெண்ணெய், சுண்ணாம்பு தொட்ட கட்டைவிரல், கச்சான் காலத்து வியர்வை, துறைமுகத்துக் காற்றின் உப்பு, மூன்று தலைமுறையின் முழங்கை. இதற்கு எந்தக் கம்பனியும் டின் போடவில்லை.

முடிபு: துண்டு கொஞ்சம் கறுத்தே இருக்கட்டும். கறுத்திருந்தால் கணு என்று நினைப்பார்கள், வெளுத்திருந்தால் ஒட்டு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போடச் சொல்லும் வீட்டம்மாவின் கொள்கை ஆய்வு வரம்புக்கு வெளியே நிற்கிறது; ஆனால் அதற்குச் செலவில்லை.